காக்கை எழும்பினால் மணி

மேற்குத் தாம்பரம்
21.7.1968, ஞாயிறு

அன்புத் தங்கச்சி யூனிசுக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் உன் மாமாவும் வெள்ளைக் கோழியும் சுகம். சிவப்புக் கோழி போன வாரம் குழம்பாகிவிட்டது, அதன் சுகத்தைக் கேட்காதே. உன் சுகத்தை நாங்கள் தபால்காரரிடம்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அவரும் எத்தனை நாள்தான் உதட்டைப் பிதுக்குவார்?

நீ பாளையங்கோட்டை போய் நாற்பது நாள் ஆகிறது. டீச்சர் வேலைக்குப் பி.டி. படிக்கப் போனவளுக்கு ஒரு கார்டு எழுத நேரமில்லை. மூன்றாம் வகுப்பில் நின்றவள் நான், வாராவாரம் கோயில் விட்டு வந்ததும் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, என்ன எழுதுவது என்று கோழியைப் பார்க்கிறேன். ஸ்டேஷனில் அன்றைக்கு என் கை கழன்றுவிடும்போல ஆட்டினேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பெரிய படிப்புக்குப் போகிறவள் பள்ளிக்கூடத்து ஆயாவை எதற்குப் பார்க்கவேண்டும் என்றா?

பல்லாவரத்துப் பள்ளிக்கூடம் அப்படியேதான் இருக்கிறது. காலையில் எலக்ட்ரிக் ரயிலில் போய் மணி அடிக்கிறேன், சாயங்காலம் மணி அடித்துவிட்டு வருகிறேன். பதினோரு வருஷமாக நான் அடிக்காமல் அங்கே ஒரு வகுப்பும் ஆரம்பித்ததில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் ஹில்டா அம்மாவே நான் கயிற்றைத் தொட்டால்தான் எழுந்திருப்பார்கள்.

வில்பிரட் மாமா ரயில்வே கேரேஜ் ஷெட்டிலிருந்து வந்து, பேசுவதற்கு முன்னால் வழக்கம்போல மேசையை இரண்டு தட்டு தட்டி, "உன் தங்கச்சி லெட்டர் வந்துச்சா?" என்றார். ஜட்ஜ் ஐயாவுக்கு என்ன பதில் சொல்லட்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி.

உன் அக்கா
மெட்டில்டா


பாளையங்கோட்டை
2.8.1968

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமென அறிந்து மகிழ்ச்சி. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. வேலை அதிகம்.

ஒரு உதவி வேண்டும். 'வகுப்பறையில் கற்றலுக்கான தடைகள்' என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதவேண்டும். பிள்ளைக்கு வெளியே இருக்கிற தடை புறத்தடை. உள்ளே இருப்பது அகத்தடை. படிப்பு ஏறாத ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு, எது எந்தத் தடை என்று பிரித்துக் காட்டவேண்டும். உன் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் அப்படி யாராவது இருந்தால் கவனித்து எழுது. பார்த்ததை மட்டும் எழுது, கேலி வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம்.

யூனிஸ்


மேற்குத் தாம்பரம்
18.8.1968, ஞாயிறு

என் டீச்சரம்மா யூனிசுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். வெள்ளைக் கோழி முட்டையை நிறுத்திவிட்டது. அகத்தடையா புறத்தடையா, நீதான் சொல்லவேண்டும்.

புறத்தடை வேண்டுமென்றால் கூடையில் அள்ளித் தருகிறேன். முதலில் ஏரோப்ளேன். மீனம்பாக்கத்தில் ஏறினால் எங்கள் கூரைமேலேயே கால் வைத்துப் போகும். ஓடு அதிரும், தண்ணீர்ப் பானையில் வளையம் வளையமாக அலை வரும், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்துவார்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. இரண்டாவது, தோல் பதனிடுகிற ஷாப் நாற்றம். காற்று திரும்பினால் பாதி வகுப்பு மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதும். மூன்றாவது, வெள்ளிக்கிழமை. சந்தை அன்று பாதிப் பிள்ளைகள் அம்மாவோடு கடையில் உட்கார்ந்திருக்கும். நான்காவது, மூன்றாம் வகுப்பு அசரியா சாரின் மீசை. வாயை மூடிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. பாதிப் பாடம் வெளியே வராமல் அதற்குள்ளேயே தங்கிவிடுகிறது. இதைக் கேலி என்று நினைக்காதே, பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நீ கேட்ட பிள்ளை இருக்கிறாள். பெயர் பூவம்மாள். கோவளத்துப் பக்கம் மீன்காரக் குடும்பம். அப்பன் கடலோடு போய்விட்டான். அம்மா அங்காளம்மா பல்லாவரத்துக்கு வந்து மீன் விற்கிறாள். பிள்ளைக்கு எட்டு வயது. கடைசி பெஞ்சு. கேட்டால் பதில் சொல்லமாட்டாள், சொன்னாலும் கேட்டதற்கு இராது. தினமும் கையை நீட்டி இரண்டு அடி வாங்கிக்கொண்டு போய் உட்காருவாள். அசரியா சார் கெட்டவர் இல்லை, அலுத்துப்போனவர். "ஆயாம்மா, இது மரமண்டை, இன்னா சொன்னாலும் ஏறாது" என்கிறார்.

ஒன்று சொல்லவேண்டும். நான் மணிக்கயிற்றைத் தொடுகிற நேரத்தில் இவள் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்ப்பாள். மணி விழுந்ததும் மரத்துக் காக்கையெல்லாம் எழும்பும். காக்கை எழும்பின பிறகுதான் இவள் பையை எடுப்பாள்.

உன் மாமா கட்டுரையில் அவர் பெயரையும் போடச் சொல்கிறார். எதற்கென்று தெரியவில்லை.

உன் அக்கா
மெட்டில்டா


பாளையங்கோட்டை
30.8.1968

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதம் மிகவும் பயன்பட்டது, நன்றி. விமானம், சந்தை இரண்டையும் புறத்தடையில் சேர்த்துவிட்டேன். மீசையைச் சேர்க்கவில்லை.

பூவம்மாளுடையது அகத்தடை. ஒரே வகுப்பில் அதே விமானச் சத்தத்தில் மற்றப் பிள்ளைகள் படிக்கும்போது இவள் மட்டும் படிக்கவில்லையென்றால் குறை உள்ளேதான். ஜன்னலில் காக்கை பார்ப்பது கவனச் சிதறல். 'மந்த புத்தி' என்று எழுதியிருக்கிறேன். சிலருக்குப் படிப்பில் நாட்டமே இராது. அது யாருடைய தப்பும் இல்லை. உனக்கும் ஏறவில்லை, நீயேதான் மாட்டேன் என்று நின்றுவிட்டாய் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்களே. அதனால் நீ என்ன குறைந்துபோனாய்?

காலாண்டுத் தேர்வில் அவள் வாங்கும் மதிப்பெண்ணைத் தவறாமல் எழுது.

யூனிஸ்


மேற்குத் தாம்பரம்
20.10.1968, ஞாயிறு

யூனிசுக்கு,

நாங்கள் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழை.

பூவம்மாள் சொல்வதெழுதுதலில் மூன்று மார்க். கணக்கில் இருபத்தாறு. கணக்கைப் போர்டில் எழுதிப்போடுகிறார்கள். சொல்வதெழுதுதலை நடந்துகொண்டே சொல்கிறார்கள்.

பேப்பரைப் பார்க்க அங்காளம்மா கூடையோடு வந்தாள். "நீதான் சொல்லு ஆயா. வாத்தியாரே ஏறாதுன்றாரு. பெரிய பரீட்சையிலயும் இப்டித்தான்னா நான் இன்னாத்துக்குக் கஞ்சி ஊத்தி அனுப்பிக்கினு கீறேன்? கூடையாவது தூக்கட்டும்" என்றாள். பிள்ளை அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதுகிறேன். நீ கேட்டபடி, பார்த்தது மட்டும்.

நான் மூன்றாம் வகுப்பு வாசலில் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அசரியா சார் முன்னால் நின்று சொல்வதெழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏரோப்ளேன் வந்தது. அவர் நிறுத்தவில்லை. 'குதிரை வண்டி' என்றார். பிள்ளைகள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு, "கேக்கல சார், கேக்கல சார்" என்று எழுந்து நின்றார்கள். ஒருத்தி மட்டும் குனிந்து எழுதினாள்.

சார் கடைசி பெஞ்சுக்கு நடந்துபோய் ஸ்லேட்டைப் பிடுங்கிப் பார்த்தார். 'குதிரை வண்டி' என்று தப்பில்லாமல் இருந்தது.

"எப்டிடி எழுதினே? எனக்கே என் குரல் கேக்கல."

"நீங்க சொன்னீங்களே சார்."

வகுப்பே சிரித்தது. பொய் சொன்னதற்கு நாலு அடி.

மந்த புத்தி என்று எழுதியதைக் கட்டுரையில் கொஞ்சம் நிறுத்தி வை.

மெட்டில்டா


பாளையங்கோட்டை
2.11.1968

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சரியில்லையா? போன கடிதத்தில் கோழியைக்கூடக் காணோம்.

நீ எழுதியதை எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது, உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறாள் என்றார். அதனால்தான் சார் முகத்தைக் காட்டிச் சொல்லும்போது எழுதுகிறாள், நடந்துகொண்டும் போர்டைப் பார்த்துக்கொண்டும் சொல்லும்போது விட்டுவிடுகிறாள். நீ உடனே ஹில்டா அம்மாவிடம் சொல்லிவிடு. முன் பெஞ்சில் உட்காரவைத்தாலே பாதி சரியாகிவிடும். எவ்வளவு எளிய விஷயம்!

ஆனால் ஒன்று. அந்தச் சத்தத்தில் வாசலில் நின்ற உனக்கு, சார் சொன்னது 'குதிரை வண்டி' என்று எப்படித் தெரிந்தது?

யூனிஸ்


மேற்குத் தாம்பரம்
24.11.1968, ஞாயிறு

பேராசிரியரம்மா யூனிசுக்கு,

கோழியைக் காணோம் என்று கேட்டாயே, இதோ வந்துவிட்டது. அது சுகம், நாங்களும் சுகம். முட்டை இன்னும் கிடையாது.

ஸ்லேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வேறெப்படித் தெரியும்? நீ டீச்சருக்குப் படிக்கிறாயா, போலீசுக்குப் படிக்கிறாயா?

ஹில்டா அம்மாவிடம் சொல்வது உனக்கு எளிது. நீ பி.டி. நான் துடைப்பம். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர்களும் கேட்பார்கள், உன்னைப்போலவே. பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. நானே அவளை முன் பெஞ்சுக்குத் தள்ளிப் பார்க்கிறேன். இரண்டு தடவை தள்ளினேன். இரண்டு தடவையும் சார், "மரமண்டைக்கு இன்னா முன்னாடி?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கிறிஸ்துமசுக்கு வருகிறாய்தானே? கோயிலில் உனக்கும் சேர்த்து முதல் வரிசையில் இடம் பிடித்து வைப்பேன். பாதிரி ஐயர் பிரசங்கத்தில் என்ன சொல்கிறார் என்று எச்சில் தெறிக்கிற தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

உன் அக்கா
மெட்டில்டா


பாளையங்கோட்டை
12.12.1968

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமசுக்கு வரவில்லை. பயிற்சி வகுப்பு இருக்கிறது என்று எழுத நினைத்தேன். இருக்கிறது, ஆனால் காரணம் அதுவல்ல.

தாம்பரம் ஸ்டேஷனில் வண்டி நகரும்போது உன்னிடம் ஒன்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் யாரிடமும் சொன்னதில்லை. நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாய். எல்லாமே உனக்கு விளையாட்டுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆறு மாதமாக அந்தச் சிரிப்பு எனக்குள் கிடக்கிறது. அதனால்தான் முதலில் கடிதம் எழுத மனம் வரவில்லை.

உங்கள் இருவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

யூனிஸ்


மேற்குத் தாம்பரம்
2.2.1969, ஞாயிறு

என் கண்ணு யூனிசுக்கு,

நானும் மாமாவும் சுகம். உன் கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டே இத்தனை நாள் இருந்துவிட்டேன். மடிப்பு கிழிந்துவிட்டது. இதை மூன்று ஞாயிறாக எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது பூவம்மாள் வரவில்லை. பெரிய பரீட்சைவரை எதற்கு என்று அங்காளம்மா நிறுத்திவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை சந்தையில் பார்த்தேன். பிள்ளை கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு அம்மாள் அவள் முதுகுப் பக்கம் நின்று ஏதோ விலை கேட்டாள். பிள்ளை திரும்பவில்லை. அந்த அம்மாள் முன்னால் வந்து கோபமாக என்னமோ சொன்னாள். அங்காளம்மா ஓடிவந்து பிள்ளை முதுகில் ஒன்று வைத்தாள். உடனே பூவம்மாள் சிரித்தாள்.

என்ன சொன்னார்கள் என்று தெரியாதபோது சிரிக்கிற சிரிப்பு அது. யூனிஸ், அந்தச் சிரிப்பு என்னுடையது. முப்பத்தேழு வருஷமாக நான் சிரித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஏழு வயதில் விஷ ஜுரம் வந்ததை அம்மா சொல்லியிருப்பார்கள். ஜுரம் போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது பக்கம் தகர டப்பாவுக்குள் யாரோ பேசுகிற மாதிரி. எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தெரிந்தது, சொல்லப் பயம். டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்பார்கள், நான் முழிப்பேன், அடி விழும். மூன்றாம் வகுப்பில் மாட்டேன் என்று நின்றுவிட்டேன். அம்மா என்னைப் பிடிவாதக்காரி என்றார்கள். செவிடு என்பதற்குப் பிடிவாதக்காரி மேல் என்று அப்போது தோன்றியது. அதற்கப்புறம் யார் பேசினாலும் நான் முந்திக்கொண்டு கேலி பேசிவிடுவேன். நானே பேசிக்கொண்டிருந்தால் பிறர் பேசுவதைக் கேட்கவேண்டாம் பார். உன் மாமா கல்யாணமாகி மூன்றாம் மாதம் கண்டுபிடித்தார். மேசையைத் தட்ட ஆரம்பித்தார். பலகை வழியாக என் கைக்கு வரும்.

திங்கட்கிழமை ஹில்டா அம்மாவிடம் போனேன். மறுநாள் அங்காளம்மாவையும் பிள்ளையையும் வரவழைத்தார்கள். அசரியா சாரும் இருந்தார். ஹில்டா அம்மா முகத்தைக் காட்டிச் சொன்ன பத்துச் சொல்லையும் பூவம்மாள் திருப்பிச் சொன்னாள். அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டரை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொன்னபோது ஒன்றுகூடச் சொல்லவில்லை. சிரித்தாள். அங்காளம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நான் பின்னாலயிருந்து கூப்ட கூப்ட வராம கீறாளேன்னு எத்தினி அடி அடிச்சேன்" என்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசரியா சார் ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

ஹில்டா அம்மா கேட்டார்கள்: "இத்தனை பேருக்குத் தெரியாதது உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது மெட்டில்டா?"

ஒரு கேலி தயாராக வைத்திருந்தேன். நல்ல கேலி. வாயைத் திறந்தேன். வரவில்லை. "நானும் அதுதான் அம்மா" என்றேன்.

அந்த ரிஜிஸ்டரை எனக்கு முன்னாலும் பிடித்தார்கள். நான் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

மணியும் வாசல் கேட்டும் இனிமேல் வாட்ச்மேன் ஜெயவேலுவிடம். "பிள்ளைங்க ரோடு தாண்டற இடத்துல காது கேக்காதவளை நிறுத்தினா நாளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? நீயே சொல்லு" என்று கேட்டார்கள். நியாயம்தான். மதிய உணவுக் கொட்டகையில் பாத்திரம் கழுவுகிறேன். மணிக்கயிற்றில் என் கை பட்ட இடம் பதினோரு வருஷத்தில் கறுத்திருக்கிறது. அதை மட்டும் அவன் பிடிக்காமல் கொஞ்சம் மேலே பிடிக்கிறான், உயரமானவன்.

அன்றைக்கு ஸ்டேஷனில் நீ அழுதுகொண்டிருந்தாய். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசினாய். எனக்கு உன் கண்தான் தெரிந்தது. என்ன சொன்னாய்?

உன் அக்கா
மெட்டில்டா


பாளையங்கோட்டை
7.2.1969

என் அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கக் கை ஓடவில்லை.

கட்டுரையில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். உனக்கும் படிப்பு ஏறவில்லை என்று எழுதிய அந்த வரியை எப்படிக் கிழிப்பது என்று தெரியவில்லை. அது உன்னிடம் இருக்கிறது. அடுப்பில் போட்டுவிடு அக்கா. என்னைத் தூக்கி வளர்த்தவள் நீ. இருபத்தாறு வருஷம் உன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறேன், நீ என் வாயைப் பார்க்கிறாய் என்று ஒரு நாளும் தெரியவில்லை. என்மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று நான் சொன்னது இதுதான்: "அக்கா, எனக்குப் பயமா இருக்கு. இந்தப் படிப்பு என்னால முடியாது. ஒரு வார்த்தை சொல்லு, இறங்கிடறேன்."

யூனிஸ்


மேற்குத் தாம்பரம்
23.3.1969, ஞாயிறு

என் தங்கத்துக்கு,

மூவரும் சுகம். வெள்ளைக் கோழி நேற்று முட்டை போட்டது. உன் மாமா மேசையைத் தட்டி அறிவித்தார்.

நீ கேட்டபடி அந்தக் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. 'அதனால் நீ என்ன குறைந்துபோனாய்' என்றும் அதில் இருக்கிறது. அதற்காக வைத்திருக்கிறேன்.

பூவம்மாள் முன் பெஞ்சில் இருக்கிறாள். போன வாரம் சொல்வதெழுதுதலில் பதினெட்டு. எல்லாம் சரியாகிவிடவில்லை. பின்னாலிருந்து பிள்ளைகள் 'செவிடி' என்று கூப்பிடுகிறார்கள். அவளுக்குக் கேட்காது, ஆனால் தெரிகிறது. வெள்ளிக்கிழமை இன்னும் சந்தைக்குத்தான். ஆனால் அங்காளம்மா இப்போது தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டுத்தான் திட்டுகிறாள்.

இன்னொன்று. அசரியா சார் ஒரு திங்கட்கிழமை மீசையை ஒட்டக் கத்தரித்துக்கொண்டு வந்தார். ஏனென்று யாரிடமும் சொல்லவில்லை. மேலுதடு பச்சைக் குழந்தையுடையது மாதிரி இருக்கிறது. நான் கேலி பண்ணவில்லை. பண்ணாமலிருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று கர்த்தருக்குத் தெரியும். உன் கட்டுரையில் மீசையைச் சேர்த்துக்கொள்.

மணி நேரமானால் நானும் கொட்டகை வாசலுக்கு வந்து வேப்பமரத்தைப் பார்க்கிறேன். ஜன்னலில் அவளும் பார்க்கிறாள். காக்கை எழும்பினதும் இரண்டு பேரும் வேலைக்குத் திரும்புகிறோம்.

நீ ஸ்டேஷனில் சொன்னதைப் படித்தேன். மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் யோசித்தேன். நல்லவேளை எனக்குக் கேட்கவில்லை, யூனிஸ். கேட்டிருந்தால் ஓடுகிற வண்டியிலிருந்து உன்னைப் பெட்டி படுக்கையோடு இழுத்து இறக்கியிருப்பேன். உனக்குப் பயம் என்றால் நான் தாங்கமாட்டேன். என் செவிட்டுக் காதுதான் உன்னைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிவைத்திருக்கிறது. அது செய்த ஒரே நல்ல காரியம், அதற்காவது அதை மன்னித்துவிடுகிறேன்.

பரீட்சை எழுதிவிட்டு வா. எந்த வண்டி என்று எழுது, மாமாவோடு பிளாட்பாரத்தில் நிற்பேன். ஜன்னலிலிருந்து ஒன்றும் சொல்லாதே. இறங்கி, பெட்டியைக் கீழே வைத்து, முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என் முகத்துக்கு நேரே நின்று சொல். எதைச் சொன்னாலும் இந்தத் தடவை நான் சிரிக்கமாட்டேன்.

உன் அக்கா
மெட்டில்டா